காதலனை அண்ணன் ஆக்கிய கதை

தெரியாத மொழியைத் தெரியும் என்று சொல்ல மூன்று நொடி போதும். அது பொய் என்று ஊருக்கே தெரியவர எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

கனடாவின் மொன்றியலுக்கு வந்த இரண்டாவது வருடம். ரொக்ஸ்பரோ பகுதியில் எங்கள் வீட்டுக்கு அருகே இருந்த நூலகத்தில் ஒரு பகுதிநேர வேலை காலியாக இருந்தது. பிரெஞ்சு தெரியுமா என்று பொறுப்பாளர் மிரேய் கேட்டார். பலமாகத் தலையாட்டினேன். (வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான். அதிலும் பாதி நாள் காய்ச்சல்.)

"அப்படியென்றால் சனிக்கிழமை தமிழ் முதியோருக்கு ஒரு படம் காட்டுகிறோம். நீங்கள் மொழிபெயருங்கள், பார்ப்போம்."

அது பழைய ஊமைப்படம். காடு, குதிரைகள், துப்பாக்கி, மரம் வெட்டுகிறவர்கள். சண்டைகள் தாமாகவே விளங்கின. இடையிடையே திரையில் எழுத்தாக வந்த பேச்சுத்தான் எனக்கு எமன். நாயகி ஒரு மரவெட்டியைக் காட்டி, "அவர் என் அண்ணன் இல்லை" என்றாள். எனக்குப் பிடிபட்டது 'அண்ணன்' மட்டும்.

"இவர் அவவின்ர அண்ணை" என்று மைக்கில் கம்பீரமாக அறிவித்தேன்.

"நல்ல பாசமான பொடியன்" என்றார் முன்வரிசைப் பரமேசு அன்ரி.

ஆற்றில் மிதந்த மரங்களின் மேல் ஓடி, அண்ணை தங்கையைக் காப்பாற்றினார். மண்டபமே கைதட்டியது. அன்ரி கண்ணைத் துடைத்தார். அடுத்த கணம் அண்ணை தங்கையை இழுத்து அணைத்து, உதட்டில் முத்தமிட்டார்.

"ஐயோ! இதென்ன பிள்ளை கூத்து?"

"பெரியப்பாவின்ர மகனா இருக்கும், அன்ரி" என்று சமாளித்தேன்.

"அதுவும் அண்ணைதானேடி!"

மண்டபம் இடிந்து விழுமளவு சிரிப்பு. பின்வரிசையில் என் கணவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். என்ன நடந்தது என்று மிரேய் கேட்டபோது, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பொய் சொன்னேன்" என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். பிழையில்லாமல் நான் பேசிய முதல் வசனம் அதுதான்.

மிரேய் விழுந்து விழுந்து சிரித்தார். "இவர்கள் இங்கே இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வகுப்பை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

முடித்தேன், போனேன். எட்டு வருடமாக அங்கேதான் வேலை.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் கணவர் என் தோளில் கைபோட்டுப் புகைப்படத்துக்கு நின்றார். எதிர்மேசையிலிருந்து பரமேசு அன்ரியின் குரல் வந்தது:

"பிள்ளை, இந்த முறை வடிவா வாசிச்சுச் சொல்லு. இவர் உனக்கு ஆர்?"