மாமாவைக் கீழே இறக்க விடாத மணி

வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சீக்கு உண்டு. யார் கையை ஆட்டினாலும் அது பாராட்டாகத்தான் தெரியும். எனக்கு அது முற்றிப்போனது என் மாமனாரின் அடக்கத்தன்று.

பாறசாலைப் பக்கத்தில் எங்கள் சபையின் கோபுரத்தில் சுரம் கூட்டிய எட்டு மணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பிடி; அழுத்தினால் மேலே மணியின் நாக்கு அடிக்கும். முழுப்பாட்டே வாசிக்கலாம். மாமாதான் வாசித்துவந்தார். திருப்புறத்திலிருந்து வந்த மருமகள் ஆர்கன் பழகியவள் என்பதால் பிடிகளை எனக்கு விட்டுக்கொடுத்தார். படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, என்னைக் கொண்டுபோம்ப நீதான் வாசிக்கணும். கீழ வைக்குதது வரைக்கும் நிறுத்தப்பிடாது, கேட்டியா?"

வாக்குக் கொடுத்தேன். அதில் தப்பினால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு தின்பேன்?

மணி ஓயும்வரை சவப்பெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது என்பது இந்தச் சபையின் வழக்கம். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (எல்லாருக்கும் தெரிந்ததை எவர் சொல்வார்!)

கோபுரச் சன்னல் வழியே பார்த்தேன். பெட்டி ஆலய வாசலுக்கு வந்துவிட்டது. சுமந்துகொண்டு என் கணவரும் மூன்று கொழுந்தன்மாரும் நின்றார்கள். இறக்கவில்லை. ஆகவே நான் நிறுத்தவில்லை. மாமா நல்ல தாட்டியான ஆள் வேறு.

பாட்டு முடிந்தது; முதலிலிருந்து தொடங்கினேன். கணவர் ஒரு கையை எடுத்து ஆட்டினார். முகமெல்லாம் ஈரம். (வியர்வை என்று நான் கண்டேனா?) அப்பாவை விட மனசில்லாமல் இன்னொரு தடவை கேட்கிறார், பாவம், என்று அழுதுகொண்டே இன்னும் இழுத்து வாசித்தேன்.

கடைசியில் மூட்டுவலிக்கார மாமியார் கோபுரப் படியேறி வந்து என் கையைப் பிடித்தார்.

"எடி, வாசிச்சது மதி, போதும்! அவரு போயாச்சு. எனக்க பயலுவளையாவது விட்டு வை. மணி நிக்காம பெட்டிய வைக்கப்பிடாதாக்கும்!"

"கீழ வைக்குதது வரைக்கும் நிறுத்தாதேண்ணு மாமா சொன்னாவளே, மாமி..."

"அவரு சொல்லுவாரு. சுமக்குதது அவரா?"

சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையானது. இரண்டுபேரும் கட்டிக்கொண்டு நின்றோம். கீழே பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

இன்றும் வீட்டில் யாராவது ஜெபத்தை நீட்டினால் இளைய கொழுந்தன் தோளைத் தடவிக்கொள்வான். எல்லாரும் சிரிப்பார்கள், மாமியைத் தவிர. அவர் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கும் நீதானே வாசிக்கப்போற. பயலுவளுக்க தோளை நினைச்சாக்கும்."