நிறைந்த இரைப்பைக்கு ஒரு ஸ்தோத்திரம்

அன்று ஏழு மணிக்குப் பாறசாலையில் அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூவர்: தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற சத்தியதாஸ், அவருடைய மனைவி ஞானபாய், அடுத்த வீட்டுப் பொன்னப்பன். அடுப்படியில் இறுக மூடிய பாத்திரம் ஒன்றும் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

மூவரில் இருவருடைய வயிறு நிறைந்திருந்தது. மனைவி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்ற துணிச்சலில், சத்தியதாஸ் நாலு மணிக்குப் பொன்னப்பனோடு ஜங்ஷன் கடைக்குச் சென்று பொரோட்டாவையும் இறைச்சி வறுவலையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்ததிலிருந்து அவருடைய இரவுச் சாப்பாடு கஞ்சியும், தொட்டுக்கொள்ள முருங்கையிலைத் தோரனும்தான். இன்று கஞ்சி இறங்காது. இறங்காவிட்டால் காரணம் கேட்கப்படும். ஆகவே காரணத்தை முந்திக்கொண்டு சொல்வது என்று தீர்மானித்தார். விஞ்ஞானத்தை வாதத்துக்கும் பொன்னப்பனைச் சாட்சிக்கும் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி ஞானம், இன்னைக்கு எனக்குக் கஞ்சி வேண்டாம்."

"என்னத்துக்கு?"

"மத்தியானம் தின்னது இன்னும் வேலை நடந்துட்டு இருக்கு. குடல் ஒரு ஆபீஸ் ஆக்கும். ஒரு ஃபைல் முடியாம அடுத்ததை மேசையில வைக்கப்பிடாது."

"நிங்க ஆபீஸ்ல ஒண்ணைக்கூட முடிச்சதில்லியே?"

பொன்னப்பன் இருமினார். சத்தியதாஸ் கலங்கவில்லை. ஃபோனில் படித்தது முழுவதும் நாவின் நுனியில் நின்றது.

"கேளு. வாயில உமிநீரு மாவைப் பிரிக்கும். இரைப்பையில அமிலம் இறைச்சியைக் கரைக்கும். பெறவு சிறுகுடல். நம்ம கிணத்துக் கயிறு மாதிரி நீளம். கொழுப்பைப் பித்தநீரு துளித்துளியா உடைக்கும். குடலுக்க உள்ள வெல்வெட்டுத் துணி மாதிரி நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. அதுவளாக்கும் சத்தை எடுத்து ரத்தத்துக்கு அனுப்புது. அதுக்கு அவகாசம் வேணும். உள்ளதா இல்லியா, பொன்னப்பா?"

"உள்ளதாக்கும்" என்றார் பொன்னப்பன், ஏப்பத்தை விழுங்கியபடி.

ஞானபாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை பணிவோடு அவள் கேட்டதே இல்லை. அங்கேயே சத்தியதாஸ் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்; ஆனால் வெற்றியின் வாசலில் நிற்பவனுக்கு எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

"எண்ணெய்ப் பண்டம் தின்னா எப்பிடி?"

"அதுவா? அதுதான் இரைப்பையில ரொம்ப நேரம் கெடக்கும். லேசில இறங்காது."

"இப்ப மைதா மாவும் வறுத்த இறைச்சியும் ஒருத்தன் சாயங்காலம் தின்னான்னு வையுங்க…"

"அவன் ராத்திரி பச்சத்தண்ணிக்கு மேல ஒண்ணும் தொடப்பிடாது."

"கோழிக்கறி?"

"நஞ்சாக்கும்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் சொன்னா சொன்னதுதான்."

"சரி" என்று எழுந்த ஞானபாய் அடுப்படிக்குப் போனாள். மூடியிருந்த பாத்திரம் மேசைக்கு வந்தது. மூடி திறந்தது. வறுத்தரைத்த நாட்டுக்கோழிக் கறி. பின்னாலேயே ஆவி பறக்கும் மரச்சீனிக் கிழங்கு.

"ரத்தப் பரிசோதனையில கொழுப்பு குறைஞ்சிருக்கு. சந்தோசத்துல வச்சேன். பாவம், நிங்களுக்கு நஞ்சு. பொன்னப்பண்ணே, நிங்க தின்னுங்க."

சத்தியதாஸின் வாயில் உமிழ்நீர் பெருகியது. வயிறு நிறைந்திருக்கும் செய்தி நாக்கை எட்டவேயில்லை. இப்போது கையை நீட்டினால் விஞ்ஞானம் பொய். விஞ்ஞானம் பொய் என்றால் பொரோட்டா மெய்.

பொன்னப்பன் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிக் கட்சி மாறினார். "எனக்கு வேகமா செமிக்கும், மக்கா" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"பொறுங்க அண்ணே" என்றாள் ஞானபாய். "இந்த வீட்டுல ஜெபம் பண்ணாம யாரும் சோத்துல கை வைக்கமாட்டோம். வினீத்துக்க அப்பா, சொல்லுங்க."

ஜெபம் சொல்வது குடும்பத் தலைவரின் உரிமை. அந்த உரிமையைச் சத்தியதாஸ் கல்யாணமான நாள் முதல் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கண்களை மூடினார். "ஆண்டவரே, எங்களுக்கு முன்னே வைத்திருக்கும்…" என்ற இடத்தில் ஒரு கண் திறந்து கோழிக்கறியைப் பார்த்து மூடிக்கொண்டது. தமக்குக் கிடைக்காத ஆகாரத்துக்காக முழுமனதோடு ஸ்தோத்திரம் செலுத்தி முடித்தார்.

"ஆமேன்" என்றாள் ஞானபாய், எல்லோரையும் விட உரக்க. பிறகு பொன்னப்பனின் தட்டில் கோழிக்காலை வைத்தபடி சொன்னாள்:

"கூட்டத்துக்குன்னு சொல்லிட்டுக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில ரிசல்ட்டும் வாங்கி, கோழியும் வாங்கிட்டு வாறேன். ஜங்ஷன்ல பஸ்ஸு டிராபிக் பிளாக்கில கெடந்து போச்சு. கடைக்கு நேர் எதுக்க, ஜன்னலோரம் நானாக்கும் இருந்தேன். அண்ணே, அந்தப் பொரோட்டா மெத்துனு மயமா இருந்துதா?"

பொன்னப்பனின் கை கறிக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.

சத்தியதாஸ் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக மேசைக்குள் தள்ளி வைத்தார். வெளியே நடந்தார்.