ராணியம்மா அடக்கத்தன்று பெண் பார்க்க வந்தவர்கள்

திண்டுக்கல்,
செப்டம்பர் 22, 2022.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கஸ்பார் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அருளப்பன் தாழ்மையுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், என் வீட்டுக்காரி சகாயராணி, எங்கள் மகள் இசைவாணி மூன்று பேரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். ஒட்டன்சத்திரத்தில் நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறோம். உயிரோடு என்று அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வீட்டில் பத்து நாளாகப் பிணத்தை வைத்திருந்தேன் என்றும், அதை வைத்துக்கொண்டே பெண் பார்க்க வரச் சொன்னேன் என்றும் வேடசந்தூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து உங்களுக்குச் செய்தி வந்ததாக அக்கா சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்தாலும் பின்னாலிருந்து "அவங்கிட்ட என்ன பேச்சு, வெச்சுரு" என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் திங்கட்கிழமை நாலு மணி என்று நேரம் குறித்தது நீங்கள்தான். பையன் பிரின்ஸுக்கு மில்லில் அன்றுதான் விடுமுறை என்றீர்கள். அதே நாள் அதே நேரம் இங்கிலாந்து மகாராணியின் அடக்கம் டிவியில் நேரடியாக வரும் என்பது அப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வேடசந்தூர்க்காரர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்கள் எதிர்வீட்டு இஞ்ஞாசியம்மாள். அவர் சின்ன வயதில் மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது ராணி காரில் போனதைப் பார்த்திருக்கிறார். ராணி தன்னைப் பார்த்துத்தான் கை ஆட்டினார் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமில்லை. செய்தி வந்த நாளிலிருந்து அவர் பூ வைக்கவில்லை, கறி தின்னவில்லை. அவர் வீட்டு டிவியில் படம் பச்சையாக மட்டுமே வருகிறது. நம் வீட்டில் இருப்பதோ இசைவாணி தன் சம்பளத்தில் வாங்கிய பெரிய டிவி. ஆகவே மதியச் சாப்பாடு முடிந்து நான் வேட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் வெள்ளைச் சேலையில் ஒரு மெழுகுவத்தியோடு வந்து நடு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம், தைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் தெருவில் பாதிப் பேர்.

சகாயராணி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "நாலு மணிக்கு ஆளுக வர்றாக, அவுகள அனுப்புங்க" என்றாள். நான் என்ன செய்ய முடியும் மச்சான்? துக்கத்துக்கு வந்தவர்களை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? "அடக்கந்தான, செத்த நேரத்துல முடிஞ்சுரும்" என்றேன். நம்மூரில் கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போய் மண் போட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும், அதை வைத்துத்தான் சொன்னேன். அந்த ஊரில் அது பொழுது அடைந்த பிறகும் நடக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

உண்மையைச் சொன்னால், செத்த நேரத்தில் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெட்டியை ஒரு பீரங்கி வண்டியில் வைத்து, கப்பல் படைச் சிப்பாய்கள் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். "குதிரை கெடைக்கலையா, பாவம்" என்றார் குர்ஷித் பேகம். "தேரை மனுசந்தான இழுக்கணும்" என்றார் இஞ்ஞாசியம்மாள். பெட்டியைத் தோளில் தூக்கியவர்கள் எல்லாரும் அளந்து வெட்டியதுபோல ஒரே உயரம். என் அப்பா அடக்கத்தில் முன்னால் பிடித்த நீங்கள் உயரம், பின்னால் பிடித்த நான் கட்டை, பெட்டி சாய்ந்து கூட்டமே கூச்சல் போட்டது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகாயராணி அடுப்படி வாசலிலிருந்து முறைத்தாள். "பத்து நாளா வெளிய வச்சிருக்காகளே, எங்கள்ல அன்னைக்கே அடக்கம் பண்ணிருவோம்" என்று குர்ஷித் பேகம் வருத்தப்பட, பெட்டிக்குள் ஈயத் தகடு அடித்திருக்கிறது என்று காலையில் பேப்பரில் படித்ததை நான் எடுத்துச் சொன்னேன். ஈயத்தின் எடை என்ன, தூக்குகிறவன் தோள் என்ன ஆகும் என்று பேச்சு வளர்ந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதக் கூடாது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

இஞ்ஞாசியம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பேரு கோயிலுக்குள்ள உக்காந்திருக்காக, ஒருத்தி வாய் விட்டு அழுகல. பெத்த பிள்ளைக இருக்கு, பேரன் பேத்தி இருக்கு. அழுகாம ஒரு ஆத்மா எப்படிப் போகும்?" என்றவர், தலைமுடியை அவிழ்த்தார். அவ்வளவுதான். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அவருக்கு.

"வைரக் கிரீடம் பெட்டி மேல,
வாடுன மேனி பெட்டிக்குள்ள,
காருல போகக் கையாட்டுன தாயே,
கடைசியில யாருக்குக் கையாட்டப் போன..."

ஒருவர் அழுதால் நம் பெண்களுக்கு அவரவர் வீட்டுச் சாவு ஞாபகம் வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். குர்ஷித் பேகம் போன வருடம் போன தன் அண்ணனை நினைத்துத் தைக்கிற துணியிலேயே கண்ணைத் துடைத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாசலில் ஒரு குவியல் செருப்பு. அந்த நேரம் பார்த்து வேடசந்தூர் கார் வந்து நின்றது.

நான் ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பா இருதயநாதன் இறங்கியவர், வீட்டைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், உள்ளே கேட்கிற சத்தத்தைக் கேட்டார். பழத்தட்டைச் சட்டென்று டிரைவரிடம் கொடுத்துக் காருக்குள்ளேயே வைக்கச் சொன்னார். பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது மச்சான். சிமெண்டுக் கடைக்காரர், இவருக்குள் இவ்வளவு ராஜபக்தியா என்று நினைத்தேன். இனி நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

"எப்பங்க?" என்றார்.

"பத்து நாளுக்கு மேல ஆச்சுங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் எடுக்கலையா?"

"இப்பத்தான் எடுத்துக்கிட்டு இருக்காக. நல்ல நேரத்துக்கு வந்தீக. உள்ள வாங்க, பாக்கலாம்."

"பத்து நாளா... எப்படிங்க வச்சிருந்தீக?"

"ஈயத் தகடு அடிச்ச பெட்டிங்க. காத்துப் போகாது."

"வயசுங்க?"

"தொண்ணூத்தாறு. கடைசி வரைக்கும் வேலை பாத்தவுக."

"உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"முறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஒரு காலத்துல நம்ம எல்லாருக்கும் மகாராணிதான."

அவர் என் கையை மெதுவாக விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் போனார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார் என்பது இப்போது புரிகிறது. அதற்குள் அவர் மனைவி பாத்திமா எங்கள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போய் டிவியைப் பார்த்துவிட்டார். "என்னங்க, ராணியம்மா அடக்கங்க. நான் காலையிலயே சொன்னேன்ல, இன்னைக்குப் போக வேணாம், அடக்கத்தப் பாக்கணும்னு" என்று சொல்லிக்கொண்டே இஞ்ஞாசியம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பெட்டி கோயிலுக்குள்ள வந்துருச்சா? கிரீடத்த எப்ப எறக்குவாக?" என்று கேட்டார். இருதயநாதன் மட்டும் நாற்காலியின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்து, "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒப்பாரி" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த நேரம் சகாயராணி பஜ்ஜி போட கரண்டு அடுப்பைப் போட்டாள். கேஸ் தீர்ந்திருந்தது. இசைவாணி உள்ளறையில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டிவி, மூன்று ஃபேன் வேறு. பட்டென்று எல்லாம் அணைந்தது. ஹாலில் பெரிய கூச்சல். முப்பது வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான், என் வீட்டு ஃபியூஸ் சம்பந்தி முன்னால் போனால் எப்படி இருக்கும்? பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டூலில் ஏறினேன். மாப்பிள்ளைப் பையன் பிரின்ஸ் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். மில்லில் அவனுக்கு எலெக்ட்ரிகல் பிரிவு என்று நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. "மாமா, இந்த ஃபியூஸ் கம்பி ரொம்ப மெலிசு, ரெண்டு இழையா முறுக்கிப் போடுங்க" என்றான். முறுக்கினால் ஒயர் எரியும், ஃபியூஸ் எரியாது என்றேன். யோசித்து, "ஆமா மாமா, நீங்க சொல்றதுதான் சரி" என்றான். மச்சான், சரி என்று ஒத்துக்கொள்கிற எலெக்ட்ரீசியனை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

கரண்டு வந்தது. ஆனால் டிவிப் பெட்டி சிக்னலைத் தேடிக்கொண்டே இருந்தது. பாத்திமா அழாத குறை. அப்போது இசைவாணி உள்ளறையிலிருந்து வந்தாள். காப்பித் தட்டு இல்லை, தலையில் பூ இல்லை, சேலை பாதி இஸ்திரி. கையில் செல்போன். "இதுல ஓடுது, வாங்க" என்றாள். இஸ்திரி போட்டுக்கொண்டே அவளும் அதைத்தான் பார்த்திருக்கிறாள். எல்லாரும் அவளைச் சுற்றி நெருங்கினோம். மாப்பிள்ளையின் அம்மா அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். பெண் பார்ப்பது என்று சொல்கிறோமே, இவ்வளவு பக்கத்தில் எந்த மாமியாரும் பார்த்திருக்க மாட்டார்.

பெட்டி மேல் பூவுக்கு நடுவில் ஒரு அட்டை செருகியிருந்தது. அதன் மேல் ஒரு பூச்சி ஊர்ந்தது. "சிலந்தி" என்றாள் இசைவாணி. "எனக்கும் தெரியுது" என்றான் பிரின்ஸ். "அம்புட்டு போலீஸையும் தாண்டி எப்படி வந்துச்சு?" என்றாள் அவள். "சிலந்திக்கு அழைப்பு வந்திருக்கும், நமக்குத்தான் வரல" என்றான் அவன். இவள் சிரித்துவிட்டாள். உங்களுக்குத் தெரியுமே, இவள் சிரித்தால் அடக்க முடியாது. அவனும் சிரித்தான். இஞ்ஞாசியம்மாள் அதட்டினார். இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

இருதயநாதன் எழுந்துவிட்டார். "எளவு வீட்டுல சிரிக்கிற பிள்ளை நமக்கு வேண்டாம், கெளம்பு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். பாத்திமா அசையவில்லை. போனில் தெரிந்த கோயிலுக்குள் எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஹாலிலும் எழுந்து நின்றோம். வெளியே இருதயநாதன் ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். பாத்திமா ஓசைப்படாமல் நடந்து போய், புருஷன் முகத்துக்கு நேராக ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி கைகட்டி நின்றார்.

பிறகு போய்விட்டார்கள். பஜ்ஜியைத் தொடவில்லை. சகாயராணி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதாள், அது ராணிக்காக அல்ல. இதுவரை வந்த மூன்று வரனையும் வேண்டாம் என்று சொன்னவள் இசைவாணி. அப்படிப்பட்டவள் ஒரு பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, "அவுக திரும்ப எப்பப்பா வருவாக?" என்று கேட்டாள். மூன்று நாளாக அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே கோபத்தை விட்டுவிட்டு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வேடசந்தூர் போய், இருதயநாதன் காலில் விழாத குறையாகப் பேசி, என் வீட்டில் பிணம் இல்லை, எனக்குப் பைத்தியமும் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். உங்களை விட்டால் எங்களுக்கு வேறு ஆளில்லை.

அக்காவுக்கு என் அன்பு. அவள் முழங்கால் வலிக்குத் தைலம் தடவச் சொல்லவும். ஆரோக்கிய மாதா உங்கள் வீட்டில் நிறைந்திருந்து, உங்கள் கோபத்தைச் சீக்கிரம் ஆற்றுவாளாக.

இப்படிக்கு, உங்கள் காலடியை நம்பியிருக்கும்,
அருளப்பன்.

பின்குறிப்பு: இதை ஒட்டப் பசை தேடும்போது பாத்திமா மில் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். நேராக அடுப்படிக்குப் போய் சகாயராணியிடம், "எங்க வீட்டுல கல்யாணத்துலகூட ஒருத்தரும் சிரிக்க மாட்டாக. எனக்கு எளவு வீட்டுலயும் சிரிக்கிற மருமக வேணும்" என்றார். பிரின்ஸும் இசைவாணியும் அன்று ராத்திரியிலிருந்தே போனில் பேசிக்கொள்கிறார்களாம், எனக்கு மட்டும்தான் தெரியாதாம். இப்போது அவரைத் தேடி இருதயநாதனும் பைக்கில் வந்து சேர்ந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். கோபமாகத்தான் இருந்தார். காப்பி குடித்த பிறகு டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த அடக்கத்தத் திரும்பப் போட முடியுமாங்க? அன்னைக்கு நான் கார்லயே இருந்துட்டேன்ல" என்று கேட்கிறார். இசைவாணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் வேடசந்தூர் போக வேண்டாம். மேலே எழுதியதையும் படிக்க வேண்டாம். அக்காவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இங்கே வரவும்.