வெள்ளை வேட்டியும் இரண்டாவது காதும்

"அன்னிக்கி ஏம்மா என் மேல சொன்ன?"

என் மகள் லாஸ்யாவுக்கு இப்போது ஆறு வயது. வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். நான் பி.எட். படித்தவள். பிள்ளைகளின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒரு முழுப் பாடமே படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். இருந்தும் இதற்கு மட்டும், "தோசை ஆறுது பார், சாப்பிடு" என்பதைத் தாண்டி எனக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

நடந்தது அவளுக்கு இரண்டரை வயதில்.

அதற்கு மூன்று மாதம் முன்பு என் நைனாவுக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) திருப்பதியில் ஆபரேஷன் நடந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போனது, கூடவே சிறுநீரை அடக்கும் பிடியும் போனது. சிறுநீர் டியூபை எடுத்த நாளிலிருந்து இருமினால் சொட்டும், எழுந்தால் சொட்டும், சிரித்தால் நிச்சயமாகச் சொட்டும். "திரும்ப வந்துடும், சில மாசம் ஆகும். பயிற்சி செய்யணும். பயந்துகிட்டு தண்ணி குடிக்காம மட்டும் இருக்கக் கூடாது" என்றார் டாக்டர். நான் தலையாட்டி, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். (எழுதிக்கொள்ளாமல் நான் தலைகூட வாருவதில்லை.)

அம்மா இல்லாததால் நைனா விஜயபுரம் பக்கத்து எங்கள் ஊரை விட்டு, புத்தூரில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். வேர்க்கடலைக் கொல்லையில் நாள் முழுக்க நின்ற மனிதர், மகள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மெத்தையில் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அதே மாதம்தான் லாஸ்யாவுக்கு ஜட்டி நனைக்காமல் இருக்கப் பழக்க ஆரம்பித்திருந்தேன். ஆக, வீட்டில் தாத்தாவும் பேத்தியும் ஒரே வகுப்பு. டீச்சர் நான். ஒரே நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: இடதுபக்கம் தாத்தா, வலதுபக்கம் லாஸ்யா. எத்தனை முறை நனைந்தது என்று தினமும் எழுதுவேன். நைனா சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார்.

"இன்னிக்கி பாப்பா ஜெயிச்சிட்டா. நான் நாலு, அவ ஒண்ணு."

நனைக்காத நாளில் லாஸ்யா கையில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவேன். ஒரு நாள் நைனாவும் கையை நீட்டினார். "எனுக்கும் ஒண்ணு போடுமா. மத்தியானத்துலேர்ந்து காய்ஞ்சிக்கினு கீறேன்." போட்டேன். குளிக்கும்போது அழியாமல் இருக்க அந்தக் கையை வெளியே நீட்டிக்கொண்டு குளித்தார்.

பயிற்சியும் நானே நடத்தினேன். அடுப்படியிலிருந்து, "புடி... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... விடு" என்று கத்துவேன். அவர் வாசல் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து உள்ளுக்குள்ளே இறுக்குவார், விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீரை விற்கிற அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உள்ள மாடு கட்டிக்கினு கீறியா?" என்றார். நைனா சிரித்தார். விளைவை நோட்டில் எழுதினேன்.

இப்படி வீட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர் தெருமுனையைத் தாண்டமாட்டார். சாவுக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த நிலையில்தான் லாஸ்யாவுக்குக் காது குத்த நாள் பார்த்தோம்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அந்த இடம் நைனாவுடையது.

"கோவிந்தம்மா அத்த புள்ள கீறானே, சென்னையில. அவன் மடியில உக்கார வெச்சிக்கோமா. நான் தூரமா நின்னு பாக்கறேன்."

"நீ உக்காரலன்னா நான் காதே குத்தல, நைனா."

அரை நாள் போனது. பிறகு, "சரி, உக்கார்றேன்" என்றார். அவர் இந்தச் சபையில் உட்கார்ந்து கௌரவமாக எழுந்துவிட்டால் மறுபடி ஊர் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார், ஏதாவது ஆனால் இனி நாற்காலி நுனிதான். இது எனக்குத் தெரியும். அதனால் எதுவும் ஆகாமலிருக்க எல்லா ஏற்பாடும் செய்தேன். ஆனது எல்லாமே அந்த ஏற்பாடுகளால்தான்.

முதல் ஏற்பாடு: அடர் நிற லுங்கி. "பேத்தி காதுகுத்துக்கு லுங்கியா? வெள்ள வேட்டிதான்" என்றார். தோற்றேன். இரண்டாவது: பெரியவர்களுக்கான டயாப்பர். அதைக் கட்டி வேட்டியைச் சுற்றினால் உள்ளே தலையணை வைத்த மாதிரி புடைத்தது. நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வேறு. கழற்றிவிட்டு மெல்லிய பேட் ஒன்றை வைக்கச் சொன்னேன். முகூர்த்தம் பத்து நிமிட வேலை, போதும் என்று கணக்கு. மூன்றாவது: காலையிலிருந்து அவர் பயத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு, கிளம்பும்போது இரண்டு பெரிய டம்ளர் மோரை நின்று குடிக்கவைத்தேன். (படிக்காத பெண் எவளாவது இதைச் செய்திருப்பாளா என்று இன்றும் யோசிக்கிறேன்.)

ஊரில் குலதெய்வக் கோயில் எதிரே சாமியானா, ஜமுக்காளம், நூறு சொந்தக்காரர்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய லாஸ்யாவை நைனா மடியில் உட்காரவைத்தோம். புதுப் பாவாடைக்குள் ஜட்டி மட்டும்தான். டயாப்பர் வேண்டாம், தான் பெரிய பாப்பா என்று அவளே சொல்லிவிட்டாள். எல்லாம் தயார். காது குத்தும் ஆசாரி மட்டும் இல்லை. நகரியில் வேறொரு காதுகுத்தில் மாட்டிக்கொண்டாராம், "வந்துக்கினே கீறேன்" என்று போன் செய்தார்.

"நைனா, ஆசாரி வர வரைக்கும் எழுந்து..." என்று ஆரம்பித்தேன்.

நைனாவின் அக்கா, கோவிந்தம்மா அத்தை, குறுக்கே கையை நீட்டினாள். "மடியில உக்கார வெச்ச கொயந்தய காது குத்தாத எறக்கக் கூடாது. இன்னாடி படிச்ச நீ?"

நாற்பது நிமிடம். இரண்டு டம்ளர் மோர். நான் தூணருகே நின்று நைனாவைப் பார்த்து வாயசைவில் "புடி... ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டார். நைனாவின் நெற்றியில் வியர்வை. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. லாஸ்யாவுக்கு ஒவ்வொரு கடலை மிட்டாயாக ஊட்டிக்கொண்டிருந்தார். அவரைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆசாரி வந்தார். வலது காதில் குத்தினார். லாஸ்யா ஊரே அதிரக் கத்தி, தாத்தா பக்கம் புரண்டு, இரண்டு காலையும் சேர்த்து ஓர் உதை விட்டாள். உதை நேராகத் தாத்தாவின் அடிவயிற்றில்.

வெள்ளை வேட்டியில் அது பரவியதை நான் பார்த்தேன். ஜமுக்காளத்துக்கு வந்ததை நூறு பேரும் பார்த்தார்கள்.

தெலுங்கு ஆசாரி பெருந்தன்மையாகச் சிரித்தார். "பர்வாலேதம்மா, சின்ன பில்ல கதா!" (பரவாயில்லை, சின்னக் குழந்தைதானே.)

கடவுளே நீட்டிய கை அது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாமா, லாஸ்யாதான்! லாஸ்யாதான் போயிட்டா!" தேவைக்கு மேல் நான்கு மடங்கு சத்தமாக.

கத்திக்கொண்டிருந்த லாஸ்யா சட்டென்று நிறுத்தினாள். ஒரு காதில் ரத்தப் பொட்டு, கண்ணில் நீர். மடியில் எழுந்து நின்றாள்.

"நான் இல்ல! என் ஜட்டி காய்ஞ்சிக்கிது!"

பாவாடையைத் தூக்கிச் சபைக்கே காட்டினாள். மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்டினாள். பின்புறம் தாத்தாவின் ஈரத்தில் நனைந்திருந்தது அவளுக்குத் தெரியாது. அத்தை அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நனைஞ்சிதானேடி கீது, பொய் சொல்ற?" என்றாள்.

உடனே நான், "பாத்தீங்களா, நனைஞ்சிருக்கு!" என்றேன்.

குழந்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. அவள் டீச்சர் நான். நட்சத்திரம் போடுகிறவள் நான்.

அப்போது நைனா அவளை இழுத்து மறுபடி மடியில் உட்காரவைத்தார். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. கொல்லையில் மடை எங்கே உடைந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார்:

"பாப்பா இல்ல. நாந்தான். ஆபரேசன் ஆச்சி இல்ல, இன்னும் சரியா நிக்கல. பாப்பா மேல யாரும் சொல்லாதீங்க, அவ பத்து நாளா நனைக்கல. நீ ரெண்டாவது காத குத்துப்பா."

ஆசாரி குத்தினார். லாஸ்யா இந்த முறை அழக்கூட இல்லை. தாத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "தாத்தா, உனுக்கு இன்னிக்கி ஸ்டார் இல்ல" என்றாள்.

சபையில் முதலில் சிரித்தது நைனா. (இன்னும் கொஞ்சம் நனைந்தது.)

வேட்டி மாற்றிக்கொண்டு அவர் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். கோவிந்தம்மா அத்தையின் வீட்டுக்காரர் அவர் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, சாம்பாரைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "மச்சான், எனுக்கும் ரெண்டு வருசமா ஒண்ணுக்கு நின்னு நின்னுதான் வருது. வெளிய சொல்ல வெக்கமா கீது. எந்த டாக்டருகிட்ட போன?"

"நானே இட்டுக்கினு போறேன் மாமா. துன்னு மொதல்ல."

அடுத்த வாரம் இருவரும் திருப்பதி பஸ் ஏறினார்கள். தெருமுனையைத் தாண்டாத மனிதர், கையில் ஒரு மாற்று வேட்டிப் பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார். மாமாவுக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரை போதும் என்றார்களாம். நைனாவுக்கும் மெல்ல மெல்லப் பிடி வந்துவிட்டது. இப்போது பலமாகத் தும்மினால் மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு.

எங்கள் குடும்பத்தில் யார் தண்ணீரைக் கொட்டினாலும், பாலைப் பொங்கவிட்டாலும், முதலில் ஒரு குரல் எழும்: "பாப்பா இல்ல, நாந்தான்!" என் கணவர் வண்டியைக் கேட்டில் இடித்துவிட்டு வந்தபோதும் இதைத்தான் சொன்னார். கோபப்பட முடியவில்லை.

போன வாரம் லாஸ்யா மறுபடி கேட்டாள். தோசை இல்லாத வேளை, தப்பிக்க வழியில்லை. "தாத்தாவுக்கு வெக்கமா இருக்குமேன்னு அப்படிச் சொன்னேண்டி" என்றேன்.

"தாத்தாதான் வெக்கமே படலியே. உனுக்குத்தானே வெக்கமா இருந்திச்சி?"

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த நைனா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தில் அவள் கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன். கீழே இன்னும் காலியாக இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அவளிடம் மன்னிப்பு எப்படிக் கேட்பது? "நாந்தான்" என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. என் நைனா அவ்வளவு பேர் நடுவில், ஈர வேட்டியோடு, அதை எப்படிச் சொன்னார்?