வேலியோரத்து உடைகொத்தி

மரங்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். உடைகொத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு கோடையில் எங்கள் கென்டக்கிப் பக்கம் குதிரைக் காட்சிக்கு வாருங்கள். வளையத்துக்குள் குதிரைகள் கழுத்தை வில்லாய் வளைத்து, முழங்காலை மார்புவரை தூக்கிப் போட்டு வரும். ஆர்கன்காரர் குளம்புச் சத்தத்துக்கு விரலை ஓட்டுவார். கூட்டம் கையில் பிடித்த பன்றிக்கறி வைத்த ஹாம் பிஸ்கட்டைக் கடிக்க மறந்து நிற்கும். அந்த நேரத்தில் வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் மட்டும், குதிரைமேல் இருப்பவளின் காதுத் தோட்டை முறைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் உடைகொத்தி.

குதிரையா? அதை யார் பார்த்தார்கள்!

கோட்டு முழங்கால்வரை தொங்க வேண்டும், கால்சராய் பூட்ஸின் குதிகாலை மூட வேண்டும், கூந்தல் பின்கழுத்தில் முடிச்சாக உட்கார வேண்டும், உயரத் தொப்பி பொழுது சாயும் முன் தலையில் ஏறக் கூடாது, பிடரி மழித்த குதிரைக்கு ரிப்பன் பின்னக் கூடாது, பிடரி வளர்த்த, ஐந்து விதமாக நடை போடப் பழகிய ஐந்து நடைக் குதிரைக்குப் பின்னாமல் விடக் கூடாது. இத்தனையும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். "இதெல்லாம் விதிப் புத்தகத்துல இருக்காங்க?" என்று ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"விதி வேற, மரபு வேற."

"மரபு எங்கே எழுதியிருக்கு?"

"ஏன், நான் சொன்னா போதாதா?"

போதும் சாமி என்று கும்பிட்டு நகர்ந்தேன்.

எங்கள் வட்டாரத்தின் உத்தம உடைகொத்தி தீவனக்கடை எல்பர்ட் ஹாப்வுட். நல்ல மனிதர். அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாய் வந்து நிற்பார். வந்ததும் சவப்பெட்டிக்குள் இருப்பவரின் காலரைச் சரிசெய்வார். பர்கூ குழம்பு சாப்பிட உட்கார்ந்தால்கூட அந்த மெரூன் டையைத் தளர்த்த மாட்டார். குழம்புதான் பயந்து விலகிப் போக வேண்டும்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: நீல ரிப்பன். முதல் பரிசுக்கு எங்கள் ஊரில் நீலம்தான். சிவப்பு வாங்கியிருக்கிறார், மஞ்சள் வாங்கியிருக்கிறார், இன்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஆறாவது ரிப்பனும் வாங்கியிருக்கிறார். நீலத்துக்கென்று சமையலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்துவைத்து, பல வருஷமாக அது சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ஐந்து நடைப் பெட்டைக் குதிரை மோலாசஸுக்கு வயதாகிவிட்டது. போன கோடைக் காட்சிதான் அதற்குக் கடைசி. இதில் விட்டால் ஆணி ஆணிதான். அவர் மனைவி மேவிஸ் அன்று காலையில் பல் தேய்க்கும்போதே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம். ஐந்து நடைக் குதிரையின் வால் தரையைக் கூட்டும் அளவு நீளம். அதை மண்ணில் புரளவிடுவார்களா? மடித்துக் கட்டி, ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள் திணித்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். வளைய வாசலில் அவிழ்த்து, சீவி, அருவியாய்த் தொங்கவிட்டு உள்ளே போவார்கள். மோலாசஸின் காலுறை சிவப்பு, குதிகாலில் ஒட்டு.

வாசலில் எல்பர்ட் அந்த முடிச்சில் கைவைக்கக் குனிந்தார். குனிந்தவர் கண்ணில் பக்கத்துக் குதிரைமேல் நடீன் பக்னர் பட்டுவிட்டாள். பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண். அவள் போட்டிருந்த கோட்டு வெளிர்நீலம்!

முடிச்சு போயிற்று, காலுறை போயிற்று, உலகமே போயிற்று.

"ஏம்மா நடீன், குதிரை ஓட்ட வந்தியா, ஐஸ்கிரீம் விக்க வந்தியா?"

"மத்த கோட்டெல்லாம் இறுக்குது அண்ணே."

"இறுக்கினா மூச்ச விடாத! இது என்ன தோடு, சரவிளக்கா? கழட்டு. முடிய உள்ள தள்ளு. கையுறை ஏன் ஒண்ணுதான் இருக்கு? அடக் கடவுளே, பட்டனப் போடு!"

"சரிண்ணே, கழட்டிடறேன். அண்ணே, உங்க குதிரைக்கு..."

"என் குதிரைய நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல உன்னப் பாரு."

கதவு திறந்தது. எல்பர்ட் தாவி ஏறினார். தொப்பி கச்சிதம், கையுறை கச்சிதம், பச்சை டை நூல் பிடித்தாற்போல். பின்னால் காலுறை.

ஐயோ, அந்தக் கிழட்டுக் குதிரை அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வேன்! என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தனை கம்பீரமும் முன்பக்கம். பின்பக்கம் மட்டும் ஒட்டுப்போட்ட சிவப்புக் காலுறை இடமும் வலமும் தாளம் தப்பாமல் ஆடிற்று. கூட்டம் முதலில் திகைத்தது, அப்புறம் குலுங்கியது. ஆர்கன்காரர் பாவி, மெதுவாகத் தாலாட்டுக்குத் தாவினார். மேவிஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்பர்ட் சிரிப்பைக் கேட்டார். முகம் மலர்ந்தது. நடீனைக் கடக்கும்போது குனிந்து சொன்னார்: "பாத்தியா? ஊரே உன் கோட்டப் பாத்துச் சிரிக்குது. நான் சொன்னேன்ல?"

"அண்ணே, பின்னால பாருங்கண்ணே!"

"பின்னால பாக்கறவன் குதிரைக்காரன் இல்ல. முதுக நிமித்து!"

நீல ரிப்பன் நடீனுக்குப் போயிற்று, அவளுடைய கோட்டுக்குப் பொருத்தமாக. எல்பர்டுக்கு அந்த ஆறாவது. வெளியே வந்த பிறகு நடுவர் மேவிஸிடம், "குதிரை முதல் பரிசுக் குதிரைதாம்மா. ஆனா ஐஞ்சு நடைக் குதிரைக்கு வால் இருக்கணுமே, நான் எங்கே போய்ப் பாக்கறது?" என்றாராம்.

எல்பர்ட் இறங்கிப் பின்னால் போய்க் காலுறையை அவிழ்த்தார். வெகுநேரம் மோலாசஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. தேற்றலாம் என்று பக்கத்தில் போனேன். நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

"பெல்ட்டும் ஷூவும் வேற வேற கலர்ல போட்டுட்டு வந்திருக்க. வெக்கமா இல்ல?"

சமையலறை ஆணி இப்போது சும்மா இல்லை. மேவிஸ் அதில் அந்தச் சிவப்புக் காலுறையைத் துவைத்து மாட்டியிருக்கிறாள்.

சரி, நீங்கள் எப்படி? கதை பிடித்ததா? மோலாசஸுக்காக மனம் இளகியதா? அல்லது, எல்பர்டின் டையை முதலில் மெரூன் என்றேன், வாசலில் பச்சை என்றேன், அதைக் கண்டுபிடித்த நிமிஷத்திலிருந்து உங்களுக்குக் குதிரையே தெரியவில்லையா? அப்படியென்றால் எனக்குக் கடிதம் எழுதுவது இருக்கட்டும். முதலில் கொஞ்சம் உங்கள் பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிடுங்கள்.