தகுதிக்கல்லின் கவசம்

ஏழு ஆறுகள் ஓடுவதாகப் பாடப்புத்தகத்தில் எழுதப்பட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று மட்டுமே தென்பட்ட ஒரு தேசம் இருந்தது. அதன் பெயர் சமநாடு. நிகரிலி மன்னர் அதை ஆண்டு வந்தார். நீதியில் தன்னை மிஞ்ச யாரும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லாததால் அந்த நம்பிக்கைக்குக் குறை வந்ததே இல்லை.

சமநாட்டில் மருத்துவக் கொடை என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஊர்ப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பிள்ளைகள் தலைநகர மருத்துவக் கல்லூரியில் சேரும்போது படிப்புச் செலவு, விடுதிச் சோறு, புத்தகம், வெள்ளை மேலங்கி எல்லாவற்றையும் அரசே கொடுக்கும். அப்படிப் படித்தவர்கள் மலைக்கும் கடற்கரைக்கும் திரும்பிப் போய் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அயல்நாட்டார் கப்பலேறி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால், அதைச் சீர்திருத்த ஒரு குழு அமைக்கப்பட்டது.

குழு அரண்மனை மருத்துவர்களை ஆராய்ந்தது. அவர்கள் எல்லோரும் நல்ல எடையோடு இருந்தார்கள். ஆகவே எடை உள்ளவரே நல்ல மருத்துவர் ஆவார் என்று குழு முடிவு செய்தது. மருத்துவரான பிறகு எடை கூடியிருக்கலாமே என்று கேட்ட உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

துலாத்துறை என்று ஒரு புதிய துறை வந்தது. அமைச்சர் கோலப்பர் அதற்குப் பொறுப்பேற்றார். அரண்மனை முற்றத்தில் பெரிய தராசு ஒன்றை நிறுவி, ஒரு தட்டில் தகுதிக்கல்லை வைத்தார்கள். மறு தட்டில் மாணவர் ஏற வேண்டும். கல்லைத் தரையிலிருந்து தூக்குபவருக்குக் கொடை. தராசின் குறுக்குச் சட்டத்தில் ‘இரு தட்டுக்கும் ஒரே நீதி’ என்று மன்னர் தன் கையாலேயே வரைந்து கொடுத்த எழுத்துகளைச் செதுக்கினார்கள்.

அதே மாதம் தலைநகரில் ஊட்டகங்கள் முளைத்தன. பணம் கட்டினால் பிள்ளையைத் தங்கவைத்து நெய்யும் பாலும் ஊட்டி எடை ஏற்றிவிடுவார்கள். ஊட்டகங்களுக்கும் அரசுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கோலப்பர் அறிவித்தார். அந்த அறிவிப்புக்கு நன்றியாக ஊட்டகச் சங்கத்தார் தகுதிக்கல்லுக்கு ஒரு வெள்ளிக் கவசம் செய்து சாத்தினார்கள். கல்லுக்குப் பூசையும் சந்தனக் காப்பும் தொடங்கின. ஆண்டுதோறும் காப்பைக் கலைக்காமல் மேலேயே பூசினார்கள். கலைப்பது சாத்திரத்தில் இல்லை என்றார்கள்.

உவர்க்கரையிலிருந்து வந்த மருதாயி முதல் முறை அந்தத் தராசில் ஏறியபோது தட்டு அசையவே இல்லை.

உவர்க்கரை உப்பளம் சூழ்ந்த ஊர். மருதாயி உப்பு வாரும் சுடலைக்கும் சடச்சிக்கும் பிறந்தவள். மெலிந்த பெண். பள்ளியில் அவள்தான் முதல். ஆனால் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வாய் திறப்பாள். வெள்ளை உப்பின் மேல் அடிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்து சுடலைக்குக் கண் மங்கியிருந்தது. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பழைய கொடையில் படித்து வந்த டாக்டர் இசக்கி இருந்தவரை ஊரில் கண்ணுக்கும் புண்பட்ட காலுக்கும் மருந்து கிடைத்தது. அவர் காலமான பின் அந்த ஆஸ்பத்திரி பூட்டியே கிடந்தது. அதைத் திறக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மருதாயியின் ஆசை. அதையும் அவள் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை.

தட்டு அசையாத அந்த முதல் நாளில் வெட்கம் தாங்காமல் மனிதர் முகங்களைத் தவிர்த்து, எதிரே இருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிலைக்குச் சாத்துவதுபோலக் கழுத்துவரை கவசம். கவசத்துக்கு மேல் விரல்கடை கனத்துக்குச் சந்தனம். அதன் மேல் ரோஜா மாலை. அது அவள் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது.

பின்னர் ஆணைகள் வரிசையாக வந்தன. சிலர் பாவாடை மடிப்பில் மணலை வைத்துத் தைத்து ஏறினார்கள் என்று புகார் எழுந்ததால், மாணவர் உடலில் ஆடை ஒன்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தோடு, மூக்குத்தி, கயிறு எல்லாம் வாசலிலேயே கழற்றப்பட்டன. முடியும் எடைதான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நாவிதர்கள் நியமிக்கப்பட்டார்கள். அழுதால் உடம்பில் நீர் குறையும் என்பதால், மாணவர் நலன் கருதி முற்றத்தில் அழுவது தடை செய்யப்பட்டது. தோற்ற பிறகு ஊர் திரும்பாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் நாட்டின் பெருமை குறையும் என்பதால் யாரும் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகு கல்லூரியில் இடங்கள் காலியாகக் கிடந்தன. கல் அவ்வளவு கனமாகிவிட்டிருந்தது. அதற்கும் தீர்வு கண்டார்கள். சொந்தப் பணத்தில் படிப்பவர்கள் தராசில் ஏறவே வேண்டாம், தட்டைத் தொட்டுக் கும்பிட்டால் போதும். “பக்தியும் ஒருவகைக் கனமே” என்று கோலப்பர் விளக்கினார்.

ஏழைகளுக்கும் கருணை காட்டப்பட்டது. தோற்றவர்கள் மறு ஆண்டு மீண்டும் ஏறலாம்.

அந்தச் செய்தி உவர்க்கரைக்கு வந்ததும் ஊரே கூடிவிட்டது. ஊட்டகத்துக்குக் கட்ட யாரிடமும் காசு இல்லை. மீன் விற்கும் கோமதிதான் வழி சொன்னாள். ஊட்டகம் எதற்கு, ஊர் இல்லையா என்றாள். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து மருதாயிக்குச் சோறு போடுவது என்று முடிவாயிற்று.

அந்த ஓர் ஆண்டு மருதாயிக்குப் படிப்பதைவிடத் தின்பதுதான் கடினமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவோரம் நின்று அவள் தட்டில் விழும் மீன் துண்டைப் பார்ப்பார்கள். அவள் தலை நிமிராமல் தின்பாள். ஒருநாள் கோமதி வீட்டில் துண்டைப் பாதியாக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டு எழப் பார்த்தாள். கோமதி விடவில்லை.

“யாருக்குட்டி ஒதுக்குத? எம்பிள்ளைகளுக்கு நாளைக்கி நீ மருந்து குடு. இன்னைக்கி தின்னு.”

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் சிரித்தான். “இந்தக் குட்டி டாக்டரா வருவாளோ கெடாவா வருவாளோ, அந்தத் தராசுக்குத்தான் வெளிச்சம்.”

“கெடான்னா ஒங்களத்தான் மொதல்ல முட்டுவேன் அண்ணாச்சி” என்றாள் மருதாயி. அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கோமதி அந்தப் பேச்சை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

நாள் வந்தது. சடச்சி கூடவே தலைநகர் வந்து மற்றப் பெற்றோர்களோடு அரண்மனைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வழக்கத்தைவிடக் கூட்டம். சமநாட்டுத் தராசின் நடுநிலையைக் கண்டுபோக அயல்நாட்டுத் தூதுவர்கள் வந்திருந்தார்கள். மன்னர் சிம்மாசனத்தோடு முற்றத்துக்கே வந்துவிட்டார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

வாசலில் மருதாயியின் மூக்குத்தியைக் கழற்றினார்கள். இடுப்புக் கயிற்றை அறுத்தார்கள். பிறந்ததிலிருந்து வளர்த்த சடையைக் கழுத்தோடு வெட்டித் தரையில் போட்டார்கள். அவள் அழவில்லை. அழுதால் எடை குறையும்.

தட்டில் ஏறினாள். தராசு முனகியது. எதிர்த்தட்டு தரையைவிட்டுக் கிளம்புவதுபோல ஓர் அசைவு அசைந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டது.

“தகுதி சற்றுக் குறைவு” என்றார் கோலப்பர். “வருத்தத்திற்குரியது. ஆயினும் தரத்தில் சமரசம் செய்துகொள்ளும் பழக்கம் இந்நாட்டுக்கு இல்லை. அடுத்தவர் வருக.”

மருதாயி இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று அவள் முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. எதிரே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சென்ற ஆண்டு கழுத்துவரை இருந்த கவசத்துக்கு மேல் இப்போது புதிதாக ஒரு கிரீடம் இருந்தது. சந்தனம் இன்னொரு விரல்கடை ஏறியிருந்தது. ரோஜா மாலை மூன்றாகியிருந்தது. அவள் உடம்பில் ஏறியிருந்தது உவர்க்கரை வீடுகளின் சோறு. கல்லின் மேல் ஏறியிருந்தது ஊட்டகக்காரர்களின் வெள்ளி.

காவலன் மெதுவாக, “எறங்கு பாப்பா, வம்பு வேண்டாம்” என்றான்.

அவள் கை முதலில் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் எழாத கை. குறுக்குச் சட்டத்தின் எழுத்துகளைக் காட்டியது. குரல் அதன் பிறகுதான் வந்தது. அதுவும் தட்டுக்கு அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.

“எம்மேல கெடந்த நூல் வரைக்கும் எடுத்துட்டீக அய்யா. அதுமேல கெடக்கதயும் எடுங்க. பெறகு சொல்லுங்க.”

தூதுவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வேலை பழகிய தோஷத்தால், யோசிக்காமல் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டார். தூதுவர்கள் எல்லோரும் சட்டத்தின் எழுத்துகளை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மன்னரைப் பார்த்தார்கள்.

கோலப்பருக்கு வியர்த்தது. “மகாராஜா, காப்பைக் கலைக்க நாள் நட்சத்திரம் பார்த்தாக வேண்டும். மேலும் கவசம் வேறு, கல் வேறு எனப் பிரித்துப் பார்ப்பது தேசத்தின் மாண்பைக் குலைப்பதாகும்.”

மன்னருக்கு நீதியில் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஆனால் தன் கையெழுத்தின் மேல் அவருக்கு அளவில்லாத பிரியம். எடுங்கள் என்று சைகை காட்டினார்.

மாலைகளை எடுத்தார்கள். கிரீடத்தைக் கழற்றினார்கள். கிரீடம் போனதுமே கல்லிருந்த தட்டு மேலே எழும்பியது. மருதாயியின் தட்டு இறங்கித் தரையைத் தொட்டது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

கோலப்பர் பெருமூச்சு விட்டார். ஒரு பெண்ணோடு போயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். “கொடை வழங்கப்பட்டது. நீ இறங்கலாம், குழந்தாய்” என்றார்.

மருதாயிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். கல்லூரி, மேலங்கி, உவர்க்கரை ஆஸ்பத்திரியின் சாவி. அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முடி வெட்டப்பட்ட தலைகள் வரிசையாக வெளியே நின்றன. சிலரைப் போன ஆண்டே பார்த்த ஞாபகம்.

இறங்காமல் இரண்டு கைகளாலும் தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை குரல் முற்றம் முழுவதும் கேட்டது.

“இன்னுங் கெடக்குல்லா. முழுசா எடுங்க. வெளிய பிள்ளைக நிக்கி.”

மன்னர் காட்டிய சைகையை வாபஸ் வாங்க வழியில்லை. தூதுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவசத்தைக் கழற்றினார்கள். அதற்குள் பழைய கவசம் ஒன்று இருந்தது. அதையும் கழற்றினார்கள். இறுகிப்போன சந்தனத்தை உளி வைத்துப் பெயர்த்தார்கள். கடைசியில் தட்டில் மிஞ்சிய கல்லைப் பார்த்து, அதைத் தூக்கிவந்து வைத்த கொத்தனாரே கொஞ்சம் வெட்கப்பட்டார். மாவாட்டும் குழவியைவிடச் சற்றுப் பெரிது. அவ்வளவுதான். காற்றிலே அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மருதாயி இறங்கினாள்.

அன்று தராசில் ஏறிய எந்தப் பிள்ளையும் தோற்கவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள், நெசவுத் தெருவிலிருந்து வந்தவர்கள், இரண்டாம் முறை வந்தவர்கள், இதுதான் கடைசி என்று வந்தவர்கள் எல்லோரும் ஏறி இறங்கினார்கள். கல்லூரியில் ஓர் இடமும் காலி இல்லாமல் போயிற்று.

கதவுக்கு வெளியே சடச்சி மகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சடை இருந்த இடம். பிறகு அங்கே நின்ற முன்பின் தெரியாத ஜனங்களிடமெல்லாம் போய், “எம்மவதான்” என்றாள். “உவர்க்கரை. எம்மவதான்.” ஊர் திரும்பும் வழியெல்லாம் வண்டிக்காரர், சுங்கச்சாவடிக்காரர் என்று யாரையும் அவள் விட்டுவைக்கவில்லை. உவர்க்கரையில் அன்று எந்த வீட்டின் முறை என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் உலை வைத்தார்கள். கண் மங்கிய சுடலை ஆஸ்பத்திரி வாசலில் முளைத்திருந்த எருக்கஞ்செடிகளைத் தடவித் தடவிப் பிடுங்கிப் போட்டார். அவள் படித்து முடித்து வர இன்னும் பல வருடம் ஆகும் என்று யாரோ சொன்னதற்கு, அதுவரை செடி சும்மா இருக்குமா என்று கேட்டார்.

தலைநகரில் சீர்திருத்தக் குழு மீண்டும் கூடியது. எடையால் தகுதியை அளப்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்று இப்போது அது கண்டறிந்தது. அடுத்த ஆண்டு முதல் மாணவரின் உயரம் அளக்கப்படும் என்று முரசறைந்தார்கள். ஊட்டகங்கள் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு நீட்டகங்கள் ஆயின. நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோல் தேக்கில் செய்யப்பட்டது. நீட்டகச் சங்கத்தார் அதன் உச்சியில் பொருத்த, பொற்கொல்லர் தெருவில் ஒரு கிரீடத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு.

எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது மருதாயி இதைக் கேள்விப்பட்டாள். புத்தகத்தை மூடி வைத்தாள். தோள்வரை வளர்ந்திருந்த முடியை எடுத்துக் கட்டிக்கொண்டு, வெள்ளை மேலங்கியோடு பொற்கொல்லர் தெருவைப் பார்த்து நடந்தாள். அவளோடு அன்று தராசில் ஏறியவர்கள் ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே வந்தார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.