மாப் பிடித்திருப்பவரைக் கேளுங்கள்

விமானம் என்பது ஒரு காபிக் கடைக்கும் இன்னொரு காபிக் கடைக்கும் நடுவில் வந்து தொலைக்கிற இடைஞ்சல் என்று நம்பிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். போர்ட் பிளேரில் எங்கள் ஆபீஸில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பள ரெஜிஸ்டரில் இருந்தது. அது அங்கேயே இருந்துகொண்டது. பியூனிலிருந்து பெரிய ஆபீசர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் டபராதான்.

காரணம், அவருடைய தோள்பையில் எந்நேரமும் ஒரு பித்தளை டபராவும் டம்ளரும் இருக்கும். பேப்பர் கப்பில் காபி குடிப்பவர்களை அவர் மன்னித்ததே இல்லை. எங்கள் ஊர் ஏர்போர்ட்டில் பையை மெஷினில் விட்டால், செக்யூரிட்டி ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இது என்ன, உள்ளே என்ன என்று ஹிந்தியில் கேட்பார்.

“யே க்யா ஹை?”

“டபரா.”

“இஸ்மே க்யா ஹை?”

“அபி குச் நஹி பாய். இப்ப காலி, அதானே பிரச்சனையே!”

பிறந்தது எங்கே தெரியுமா? தேயிலைக்காரர் வீட்டில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கண் விழித்தால் தேத்தண்ணி, விருந்தாளி வந்தால் தேத்தண்ணி, வயிறு வலித்தாலும் அதுவேதான். இவர் மட்டும் தொட மாட்டார். ஆபீஸில் பதினொரு மணிக்கு டீ வந்தால், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். ஏனண்ணே இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“எங்க ஆளுக மூணு தலைமுறையா கொழுந்து கிள்ளுனாங்க தம்பி. நல்ல எலை பூரா கப்பல் ஏறிப் போயிரும். கூட்டி அள்ளுன தூசிதான் எங்களுக்கு. அந்தத் தூசியில போட்ட தேத்தண்ணிய எங்கம்மா குடிச்சது போதும். நான் உசிரு போனாலும் தொட மாட்டேன்.”

அதற்கப்புறம் அந்த நாற்காலியைப் பார்த்து நான் சிரிப்பதை நிறுத்தினேன். மற்றதற்கெல்லாம் சிரித்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில் டீ கொடுத்தார்களாம். பெண்ணைப் பிடித்துவிட்டது, டம்ளரைப் பிடிக்கவில்லை. பேச்சுவார்த்தை மூன்று வாரம் இழுத்து, கல்யாணத்துக்கு வருபவர்களுக்கெல்லாம் காபிதான் என்று பெண் வீட்டார் ஒத்துக்கொண்ட பிறகுதான் தாலி ஏறியது.

இன்னொரு தடவை, சிப்பிகாட் பண்ணையில் வேலை பார்த்த சிநேகிதரைக் கெஞ்சி நாலு காபிச் செடி வாங்கி வந்து, ஏர்போர்ட்டை ஒட்டிய லம்பா லைனில் தன் வீட்டுக் கொல்லையில் நட்டார். வருஷக்கணக்கில் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார். பலன், ஒரு கைப்பிடிக் கொட்டை. அதை இரும்புச் சட்டியில் தானே வறுத்தார். கிளம்பிய புகையில் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் (அவர் பாஷையில் தாதா), வீடு பற்றிக்கொண்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். வந்தவரை விடுவாரா? உட்காரவைத்து நாலு மடக்கு ஊற்றிக் கொடுத்தார்.

“கைஸா ஹை தாதா?” என்று ருசி கேட்டார்.

தாதா டம்ளரைக் கீழே வைத்தார். கொண்டுவந்த வாளியிலிருந்தே ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஸ்டோருக்குச் சாமான் வாங்க டபரா அடிக்கடி மெயின்லேண்ட் போவார். அதனால் பெரிய பெரிய ஏர்போர்ட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த கேட்டில் எந்த விமானம் என்று தெரியாது, எந்தக் கடையில் பால் தண்ணீர் என்று தெரியும். முதலில் கடை கடையாக ஏறி ஏமாந்தாராம். ஒரு பெரிய ஏர்போர்ட்டில், கண்ணாடிக் கடையில் நின்ற பெண்ணிடம், நீ இந்தக் காபியைக் குடிப்பாயா என்று கேட்டிருக்கிறார். “பேட்டி, து பீத்தி ஹை யே காபி?” அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்தது.

“தம்பி, ஏர்போர்ட்டுல நல்ல காபி எங்கிட்டு இருக்குன்னு சூட்கேஸ் இழுக்கிறவனக் கேக்காத. அவன் இன்னிக்கு வந்து இன்னிக்குப் போறவன். தரை தொடைக்க மாப் பிடிச்சிருக்கிறவங்களக் கேளு. அவங்க தெனமும் அங்க நிக்கிறவங்க. கெட்ட காபிய ஒருத்தரு தெனமும் குடிக்க முடியுமா?”

இந்தத் தத்துவத்தை நான் காது கொடுத்துக் கேட்டவன் இல்லை. நான் கப்பல் ஆசாமி. மூன்று நாள் கப்பலில் ஆடிக்கொண்டே சென்னை போய், ஆடிக்கொண்டே திரும்பி வருகிறவன். ஏர்போர்ட் பக்கமே போனதில்லை.

போக வேண்டி வந்தது. என் மனைவி வசந்தாவுக்கு வலது கண்ணில் ஒரு சாயங்காலம் கறுப்புத் திரை இறங்கின மாதிரி ஆயிற்று. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “விழித்திரை உரியுது. ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணினா கண்ணு தங்கும்” என்றார். ஹைதராபாத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் பேசி, மறுநாளைக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று நேரமும் வாங்கிக் கொடுத்தார். சென்னைக்கு ஒரு விமானம், அங்கே இறங்கி வெளியே வந்து ஹைதராபாத்துக்கு இன்னொரு விமானம். இரண்டாவதைத் தவறவிட்டால் மறுநாள் சாயங்காலம்வரை எங்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வசந்தா சாப்பாட்டையே தொடவில்லை.

செய்தி கேட்ட அரை மணியில் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வாசலில் டபரா நின்றார். தோளில் பை.

“நீ கப்பல்காரன். ஏர்போர்ட்டுல உன்னைய விட்டா திருவிழாவுல விட்ட மாதிரி. நானும் வர்றேன். லீவு எழுதிக் குடுத்துட்டேன்.”

நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? ‘இந்த ஆளுக்கு மெயின்லேண்ட் காபி குடிக்க ஒரு சாக்கு.’ அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

சென்னையில் பதினொரு மணிக்கு இறங்கினோம். அடுத்த விமானம் இரண்டரைக்கு. வெளியே வந்தால் ஜனக்கடல். ஒரு தூண் ஓரமாக மூன்று நாற்காலி காலியாக இருந்தது. ஓடிப் போய்ப் பிடித்தேன். வசந்தா கண்ணில் கட்டோடு உட்கார்ந்தாள். டபரா உட்காரவில்லை. நீல யூனிஃபார்ம் போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் நேராகப் போனார்.

“அம்மா, உங்க பேரு என்னங்க?”

அந்த அம்மா மிரண்டுபோய், “தனம் சார். இன்னா சார், எதுனா தொலைஞ்சிடுச்சா?” என்றார்.

“ஒண்ணும் தொலையல. நீங்க காலையில காபி எங்க குடிப்பீங்க?”

“நானா?”

“நீங்கதான். நல்லா இருக்குமா?”

தனம் மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, வழியை விலாவாரியாகச் சொன்னார். கார் நிற்கிற இடத்தைத் தாண்டி, டிரைவர்களும் லோடு தூக்குகிறவர்களும் குடிக்கிற ஒரு தகரக் கொட்டகை. “பால் கெட்டியா இருக்கும் சார். சர்க்கரை கம்மின்னு சொல்லிடு, இல்லாங்காட்டி அள்ளிப் போட்டுடுவான்.”

“சலோ! எந்திரி தங்கச்சி” என்றார் டபரா.

எனக்கு வந்ததே கோபம்! “அண்ணே, கண்ணு போற நேரத்துல காபியா?” என்றேன். வசந்தா எழுந்து நின்றுவிட்டாள். “நானும் வர்றேண்ணே. உக்காந்திருந்தா பயமா இருக்கு” என்றாள்.

சரி, தொலையட்டும் என்று நானும் எழுந்தேன். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தீவுக்காரர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் அவர்களும் இதையேதான் செய்திருப்பார்கள். எங்கள் ஊரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை. அவர்களுடைய செருப்பும் பையும் செங்கல்லும் நிற்கும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அவர் செருப்புக்கு முன்னால் ஒருவரும் நுழைய மாட்டார். அந்தப் பழக்கத்தில், நாற்காலி பறிபோகாமல் இருக்க, நடு நாற்காலியில் என் மஞ்சள் பையை வைத்துவிட்டு நடந்தேன். உள்ளே என்ன? இரண்டு பேருடைய ஆதார் கார்டு, ஹைதராபாத் டிக்கெட், டாக்டர் கடிதம், கண் ஸ்கேன். மொத்தமும்.

கொட்டகை காபியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். டபரா பையைத் திறந்து பித்தளையை எடுத்து நீட்டினார். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு, தானே புதுசாக டிகாஷன் இறக்கினார். நுரை டம்ளரைத் தாண்டி நின்றது. டபரா அதை வாங்கினார், முகர்ந்தார். குடிக்கவில்லை. ஆற்றி, வசந்தாவின் கையில் வைத்து, அவள் விரல்களைச் சுற்றி மூடினார்.

“சூடு பாத்துக் குடி தங்கச்சி.”

ஒன்றரை நாளாக ஒன்றும் இறங்காத தொண்டையில் அது இறங்கிற்று. அவள் பாதி டம்ளரில் நிறுத்தி, “என்னங்க, எனக்குப் பசிக்குது” என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அங்கேயே நின்று இரண்டு வடை சாப்பிட்டாள். நானும் ஒரு காபி குடித்தேன். கோபத்தோடு குடித்தும் நன்றாக இருந்தது.

திரும்பி வந்தோம். மூன்று நாற்காலியிலும் ஆள் இல்லை. பையும் இல்லை. சுற்றிலும் கயிறு கட்டி, செக்யூரிட்டிக்காரர்கள் நின்றார்கள்.

 “ஐயோ, என் பை!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தினார். “உங்க பையா? ஐடி காட்டுங்க.” ஐடி பைக்குள்தான் என்றேன். “அப்ப உங்க பைன்னு எப்படித் தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி. மணி ஒன்று. வசந்தா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணை நானே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சார், சார்! அவங்கதான் சார்!”

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தனம். ஒரு கையில் மாப். “நான் சொல்லலை? காபி கேட்டாரே, அந்த ஐயா அவருதான். அந்தம்மா கண்ணுல கட்டுப் போட்டிருக்கு பாருங்க. கொட்டாயாண்ட போயிருப்பாங்க, வந்துருவாங்கன்னு அப்பவே சொன்னேனே!”

நடந்தது இதுதான். ஆளில்லாத பை என்று சோதனைக்கு எடுத்துப் போக வந்தவர்களிடம், ‘ஆள் எனக்குத் தெரியும், எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியும், பத்து நிமிஷம் பொறுங்கள்’ என்று தனம் மல்லுக்கட்டியிருக்கிறார். மெஷினில் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், பையை வேறெங்கும் அனுப்பாமல் பக்கத்து மேஜையிலேயே வைத்திருக்க ஒத்துக்கொண்டார்களாம். என்னை ஒரு பாட்டம் திட்டினார்கள். ஆதார் படத்தையும் என் முகத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தார்கள்.

தனத்தின் முன்னால் கை கூப்பினேன். “எங்களுக்காக எதுக்கும்மா இவ்வளவு?” என்றேன்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. “எத்தினி வருஷமா இங்க தொடைக்கிறேன் சார். எல்லாரும் பாத்ரூம் எங்கன்னுதான் கேப்பாங்க. உன் பேரு இன்னா, நீ இன்னா குடிப்பேன்னு இவருதான் சார் கேட்டாரு” என்றார். பிறகு டபராவைப் பார்த்து, “சர்க்கரை கம்மின்னு சொன்னியா?” என்றார்.

“சொன்னேம்மா. அமிர்தம்” என்றார் டபரா. அவர் அதுவரை ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அவர் பங்கைத்தான் வசந்தா குடித்துவிட்டாளே.

விமானத்தைப் பிடித்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் தங்கியது. ஆனால் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறது, அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது, தலையைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வேறு வழி? ரயிலில் சென்னை வந்து, கப்பல். டபராவிடம் விமான டிக்கெட் இருந்தது. நீங்கள் போங்கண்ணே என்றேன். “தங்கச்சி தல நிமிராமப் பாத்துக்க ராத்திரி பகலா ஆள் வேணும். நீ ஒருத்தன் எத்தன நேரம் முழிப்ப?” என்று டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்.

அந்தத் தடவை கப்பல் கேண்டீனில் காபித்தூள் தீர்ந்துவிட்டது. டீ மட்டும்தான். இரண்டாம் நாள் காலை, வசந்தாவின் தலை நிமிராமல் பார்த்துக்கொண்டு விடியவிடிய விழித்திருந்த டபரா, சிவந்த கண்ணோடு பித்தளை டம்ளரை நீட்டி டீ வாங்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு வாய் குடித்தார். கடலைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“அண்ணே, தேத்தண்ணி... எப்படிண்ணே இருக்கு?”

“தங்கச்சிக்குக் கண்ணு தெரியுதுல்ல?”

“தெரியுதுண்ணே.”

“அப்ப நல்லாத்தான் இருக்கு.”

இப்போது ரிட்டயர் ஆகி லம்பா லைனில்தான் இருக்கிறார். தலைக்கு மேல் விமானம் கிளம்பிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, “பாவம், எங்க போய் காபி குடிக்கப் போறானுங்களோ!” என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைச் சோதிக்க நாங்கள் அந்த விமானத்தில் போகிறோம். வசந்தா எப்போதும் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். லம்பா லைன் கூரைகளுக்கு மேலே திரும்பும்போது, வலது கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, “அண்ணே வாசல்லதான் நிக்கிறாருங்க” என்பாள்.